ஃபோர்க்குக்கு ஒரு விலக்கு

உட்காருங்கள் ஏட்டையா. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் விரிசல். இதில் உட்காருங்கள். முப்பிடாதி, ஏட்டையாவுக்கு ஒரு காபி போடு. சர்க்கரை போடலாமா? போடலாம் என்கிறார்.

ஆக, எட்டு மணிக்குக் கிளம்பிய எங்கள் சைக்கிள் பேரணி எட்டேகாலிலிருந்து ஒன்பதே முக்கால் வரை பஜாரில் ஒரே இடத்தில் நின்றது ஏன் என்று மேலிடத்தில் கேட்கிறார்கள். கேட்கட்டும். நாற்பத்தொரு சைக்கிள் நடுரோட்டில் ஒன்றரை மணி நேரம் அசையாமல் நின்றால் எந்த அரசாங்கமும் கேட்கத்தான் செய்யும். எழுபத்தெட்டில் பீடித் தொழிலாளர் ஊர்வலம் நடத்தியபோது என் பின்னால் ஒரு இன்ஸ்பெக்டரும் இரண்டு மஃப்டி ஆட்களும் அலைந்தார்கள். இப்போது ஒரு ஏட்டு. அதுவும் மூன்று நாள் கழித்து. உங்களைக் குறை சொல்லவில்லை. எல்லாவற்றிலும் தரம் இறங்கிவிட்டது, இதில் மட்டும் இறங்காதா?

எழுதிக்கொள்ளுங்கள். காரணம், முன் ஃபோர்க்.

பேனாவை ஏன் மூடுகிறீர்கள்? நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சைக்கிளின் முன்சக்கரத்தைக் கவ்விக்கொண்டு நிற்குமே இரண்டு கால் கம்பி, அதுதான். அது ஆடியது. அது ஆடியதால் பேரணி நின்றது. இதில் சதி உண்டா இல்லையா என்பதை நான் முழுவதும் சொல்லி முடித்த பிறகு நீங்களே முடிவுக்கு வாருங்கள்.

நான் மூன்றாம் வகுப்பு. மீதியெல்லாம் துண்டறிக்கை. பீடி சுற்றும் கொட்டகையில் முப்பது பேர் இலை நறுக்கிக்கொண்டிருப்பார்கள், ஒருத்தன் நடுவில் உட்கார்ந்து பத்திரிகையும் நோட்டீஸும் சத்தமாக வாசிப்பான். அந்த ஒருத்தன் நான். அவன் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். பதினோரு வருஷம் வாசித்தேன். ஒரு பிரச்சினை என்றால் அதன் வேர் எங்கே, அதற்குப் பின்னால் யார் என்று பார்க்கிற கண் எனக்கு அப்படி வந்தது.

போன மாதம் என் சைக்கிளில் ஒரு சத்தம். முன் பிரேக்கைப் பிடித்தால் டக். பள்ளத்தில் இறங்கினால் டக். ஹேண்டில்பார் கையில் நடுங்கியது. சாதாரண ஆளாக இருந்தால் சைக்கிளைக் குறை சொல்லியிருப்பான். நான் ரோட்டைப் பார்த்தேன். பஞ்சாயத்துக்கு மூன்று பக்கத்தில் மனு எழுதினேன். இரண்டாவது வாரம் ஒரு வண்டி ஜல்லி கொண்டுவந்து பள்ளத்தை நிரப்பினார்கள். வெற்றி. சத்தம் மட்டும் நிற்கவில்லை. ஜல்லியைச் சரியாகப் போடவில்லை என்று இரண்டாவது மனு எழுதினேன்.

அந்தச் சமயத்தில்தான் பேரணி முடிவானது. எங்கள் ஊருக்கு வந்த காலை ஏழரை மணிப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள், உங்களுக்குத் தெரியும். பேருந்து கேட்டு இருபத்திரண்டு கிலோமீட்டர் சைக்கிளிலேயே கலெக்டர் ஆபீஸ் போவது என்பது என் யோசனை. முன்னால் கொடியோடு போகிற சைக்கிள் என்னுடையது. அறுபத்தொன்பது வயது எனக்கு. இந்த ஊரில் எந்த ஊர்வலத்திலும் எனக்கு முன்னால் ஒருத்தன் போனது கிடையாது. எங்கள் போராட்டக் குழுவின் செயலாளர் நம்பிராஜன் இருக்கிறாரே, ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், அவர் ஒரு ஸ்கூட்டி வைத்திருக்கிறார். 'தோழருக்கு வயசாயிட்டு, அவர் மைக் ஆட்டோவுல உக்காந்து கோஷம் போடட்டும், நான் முன்னால போறேன்' என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மைக் ஆட்டோ, ஏட்டையா. பேரணியின் வாலில் வரும் மைக் ஆட்டோ. சைக்கிள் சரியாக இல்லையென்றால் எனக்கு அதுதான் இடம்.

அதனால் சைக்கிள் பிரச்சினையைக் குழுவில் வைத்தேன். பேரணியின் தலைமை வண்டி, அதைத் தனிச்சொத்து என்று சொல்ல முடியாது. நிகழ்ச்சி நிரலில் நான்காவது. நம்பிராஜன் எழுந்து, ஃபோர்க் லூஸ் என்றார். அவர் சொல்லிவிட்டதால் அது இருக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முன்சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து எல்லார் முன்னாலும் ஆட்டிக் காட்டினேன். ஆடியது. ஆடுவது சக்கரமா, சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கா என்று கேட்டார். திசைதிருப்பும் கேள்வி. வாக்கெடுப்புக்கு விட்டோம். சக்கரத்துக்கு ஆறு, ஃபோர்க்குக்கு இரண்டு. நம்பிராஜன் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்யச் சொன்னார். செய்தோம். ஜனநாயகம்.

மறுநாள் என் வீட்டுக்காரி முப்பிடாதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் அடுத்த ஊரில் சக்கரத்தை இறுக்கிக்கொண்டு வந்தாள். எப்போதும் அவள்தான் போவாள். அடுத்த ஊர் ஐந்து கிலோமீட்டர். போய், வேலை முடித்து, அரைமணி நேரத்தில் திரும்பிவிடுவாள். உலையில் அரிசி போட்டுவிட்டுப் போனால் வடிக்க வந்துவிடுவாள். உழைக்கிற பெண்ணின் கால், ஏட்டையா. நம்மால் முடியாது.

ஏன் சிரிக்கிறீர்கள்?

உள்ளூரில் கடை இருக்கிறதே என்கிறீர்கள். இருக்கிறது. ஞானதிரவியம் சைக்கிள் கடை. அதற்கு வருகிறேன்.

சக்கரத்தை இறுக்கியும் சத்தம் நிற்கவில்லை. பெரும்பான்மை முடிவுக்கு அந்த வண்டி கட்டுப்படவில்லை. சரி, ஃபோர்க்கையும் கவனிப்போம் என்று, நம்பிராஜனுக்குத் தெரியாமல், ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் பெரிய நட்டைப் பிளம்பரின் ரெஞ்சால் ஒரு சுற்று இறுக்கினேன். சத்தம் குறைந்தது. மறுநாள் காலை இன்னொரு சுற்று. அதற்கு மறுநாள் இன்னொன்று. பிரச்சினை எப்போதும் மேலேதான் இருக்கும், மேலே நெருக்கடி கொடுத்தால் வழிக்கு வரும். இது என் ஐம்பது வருஷ அனுபவம். நாலாம் நாள் ஹேண்டில்பார் திரும்பவில்லை. போஸ்ட் ஆபீஸ் முக்கில் வலது பக்கம் திருப்பினேன், வண்டி நேராகப் போனது. எதிரே ஆளுங்கட்சிக் கொடிமேடை. அதைத்தான் அவர்கள் உங்கள் ஸ்டேஷனில் 'திட்டமிட்ட தாக்குதல்' என்று புகார் கொடுத்தார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் ஹேண்டில்பார் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

பிறகு ஃபோர்க்கையே கழற்றிப் பார்த்தேன். முற்றத்தில் வைத்து நட்டைக் கழற்றி, ஃபோர்க்கைக் கீழே உருவினால், பொலபொலவென்று பால்ரஸ் குண்டுகள். மிளகு அளவு இரும்புக் குண்டு. மேலே ஒரு கப்பு, கீழே ஒரு கப்பு, இரண்டிலும் வட்டமாக அடுக்கியிருப்பார்களாம், அதன் மேல்தான் ஃபோர்க் சுழலுமாம். கழற்றிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பாதி முற்றத்தில் ஓடியது. மீதி முப்பிடாதியின் பீடித் தட்டில் விழுந்தது. கிடைத்ததை வைத்துத் தேங்காய் எண்ணெய் விட்டு மாட்டினேன். இரண்டு நாள் கழித்துப் பீடிக் கம்பெனி செக்கர் ஒரு கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டான். ஒரு பீடிக்குள் இரும்புக் குண்டு இருந்ததாம். வேண்டாதவர்கள் கிளப்பிய கதையாக இருக்கும்.

அன்றைக்கு முப்பிடாதி சொன்னாள், "இது தள்ளிட்டுப் போயி நிமிஷத்துல முடிக்கிற வேலையில்ல. ஞானதிரவியம் கையாலதான் ஆவணும். நீங்களே போயிக் கேளுங்க."

நான் அந்தக் கடைப்படியை மிதித்து முப்பத்தேழு வருஷம், ஏட்டையா.

எண்பத்தேழு ஆகஸ்டு பத்தொன்பது. பீடிக் கூலி உயர்வுக்காக முழுக் கடையடைப்பு. வெற்றிலைக் கடைகூடத் திறக்கவில்லை. அன்று காலை பார்த்து என் சைக்கிளில் காற்று இறங்கிக் கிடந்தது. முப்பிடாதி அடுத்த ஊருக்குத் தள்ளிப் போய் ஒட்டிக்கொண்டு வந்தாள். அந்தச் சைக்கிளில் ஏறி நேராகப் பஜாரைச் சுற்றிப் பார்க்கப் போனேன். ஊரே அடைத்திருக்கிறது. ஞானதிரவியம் கடை மட்டும் ஷட்டர் பாதி தூக்கி இருக்கிறது. உள்ளே பசை காயாத வாடை. அப்போதுதான் எவனுக்கோ பஞ்சர் ஒட்டி அனுப்பியிருக்கிறான். எவனுக்கு என்று கேட்டேன், வாயைத் திறக்கவில்லை. மறுநாளே நோட்டீஸ் போட்டேன். ரோஸ் நிறத் தாள், ஆயிரம் பிரதி. தலைப்பு, 'அரைக்கதவுக் கருங்காலி'. தொழிலாளியின் முதுகில் குத்துகிறவனுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். இந்தப் படியை இனி மிதியேன் என்பது கடைசி வரி. நல்ல நோட்டீஸ். இன்றைக்கும் ஊரில் வழி கேட்டால் அரைக்கதவுக் கடைக்குப் பக்கத்தில் என்றுதான் சொல்வார்கள். எழுத்தின் வலிமை.

மறுபடியும் சிரிக்கிறீர்கள். பஞ்சர் ஒட்டுவதில் சிரிக்க என்ன இருக்கிறது?

பேரணியன்று காலைக்கு வருவோம். ஊரில் அன்று முழுக் கடையடைப்பும் அறிவித்திருந்தோம். பால், மருந்து இரண்டுக்கு மட்டும் விலக்கு. நாற்பத்தொரு சைக்கிள், பின்னால் மைக் ஆட்டோ, அதற்குப் பக்கத்தில் ஸ்கூட்டியில் நம்பிராஜன். நான் முன்னால் கொடியோடு. பஜார் இறக்கத்தில் லேசாகத்தான் பிரேக் பிடித்தேன். டக் என்று சொல்லவில்லை, கடகடவென்று ஏதோ உடைகிற சத்தம். முன்சக்கரம் எனக்குக் கீழே பின்பக்கமாகப் போவது போல இருந்தது. காலை ஊன்றி நின்றுவிட்டேன். விழவில்லை, அதை எழுதுங்கள். நம்பிராஜன் விழுந்ததாகத்தான் சொல்வார்.

நின்ற இடம் ஞானதிரவியம் கடை வாசல்.

கடை முழுசாக அடைத்திருந்தது. ஷட்டர் தரையைத் தொட்டு, பூட்டுப் போட்டு. அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். என் வயதுதான், ஆனால் முடி கறுப்பு. நம்பிராஜன் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். "தோழர், நீங்க ஆட்டோவுல ஏறிக்கிடுங்க. கொடிய எங்கிட்டத் தாங்க," என்று கையை நீட்டினார். அந்தக் கையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவ்வளவு பிரியமாக நீட்டினார்.

கொடியைக் கொடுக்கவில்லை. சைக்கிளைப் பெஞ்சுப் பக்கம் திருப்பினேன். அவன் பேப்பரை இறக்கினான். முன்சக்கரத்தைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

"முன் பிரேக்கப் புடிச்சுக்கிட்டு வண்டிய முன்னப் பின்ன ஆட்டுங்க," என்றான்.

ஆட்டினேன்.

"மேல இல்ல. ஃபோர்க்கும் ஃப்ரேமும் சேருத எடம், கீழ்க்கப்பு, அங்க ஒரு விரல வைங்க. இன்னொரு கையால ஆட்டுங்க."

வைத்தேன், ஏட்டையா. விரலுக்கு அடியில் இரும்பு நகர்ந்தது. உள்ளே ஏதோ பல் ஆடுவது போல. இத்தனை நாள் நான் மேலே ரெஞ்சு வைத்து இறுக்கியது அதுவரை போய்ச் சேரவே இல்லை.

"பாரமெல்லாம் கீழ்க்கப்புதான் தாங்குது. அது தேஞ்சு குழிவிழுந்து கெடக்கு. குண்டும் பாதிதான் இருக்கும் போல. நீங்க மேல நட்ட எவ்வளவு இறுக்குனாலும் கீழ உள்ளது ஆடத்தான் செய்யும்," என்றான்.

இதையே வேறு வார்த்தையில் நான் எழுபத்தொன்பதிலேயே எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன்.

சரி, கப்பை மாற்று என்றேன். அவன் பேப்பரை மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டான்.

"இன்னைக்குக் கடையடைப்புல்லா அண்ணாச்சி. நாந் தெறந்தா கருங்காலியாயிருவேன்."

பின்னால் நின்ற நாற்பது சைக்கிளில் எவனோ ஒருத்தன் பெல் அடித்தான். யார் என்று தெரியும், இப்போது பெயர் வேண்டாம்.

அங்கேயே குழுவைக் கூட்டினேன். ரோட்டில், அவசரக் கூட்டம். கடையடைப்பு விலக்குப் பட்டியலில் பால், மருந்தோடு சைக்கிள் பழுதுபார்ப்பையும் சேர்ப்பதாக நான் தீர்மானம் முன்மொழிந்தேன். நம்பிராஜனைத் தவிர எல்லாரும் கை தூக்கினார்கள். எழுதிக் கொண்டுபோய்ப் படித்தேன். ஞானதிரவியம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எந்தத் தேதியிலிருந்து என்றான். இன்று முதல் என்றேன். அவன் தலையாட்டினான், இல்லை என்று.

"எண்பத்தேழு ஆகஸ்டு பத்தொம்பதுலேருந்து போடுங்க. முன்தேதியிட்டு."

என் ஆயுதம், ஏட்டையா. பீடிக் கூலி ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் முன்தேதியிட்டு அமலாக வேண்டும் என்று தமிழில் அந்தச் சொல்லை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவனே நான்தான். முடியாது என்றேன். அது வரலாற்றைத் திருத்துவதாகும் என்றேன். அவன் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"பீடிக்காரவுகளுக்கெல்லாம் முன்தேதியிட்டு வாங்கிக் குடுத்தீக. எனக்கு மட்டும் கெடையாதா? எம் மவன் கல்யாணத்துல பந்தல்ல கட்டுன போர்டுல எவனோ கரியால அரைக்கதவுன்னு எழுதிட்டுப் போனான். பொண்ணு வீட்டுக்காரவுக அது எங்க வீட்டுப் பேருன்னு நெனச்சிட்டாவ. இன்னைக்கும் சம்பந்தி கடுதாசியில அப்படித்தான் போடுதாரு."

ஒரு நோட்டீஸ் எங்கெங்கே போய்ச் சேரும் என்பதற்கு எழுதியவன் பொறுப்பாக முடியாது.

ஒன்றரை மணி நேரம் என்று கேட்டீர்களே, அதில் ஒரு மணி நேரம் இதுதான். வாசகத்துக்கு வாசகம். 'வருந்துகிறோம்' என்று அவன் கேட்டான், 'கவனத்தில் கொள்கிறோம்' என்று நான் கொடுத்தேன். 'கருங்காலி என்ற சொல் திரும்பப் பெறப்படுகிறது' என்றான், 'சொல் நிறுத்தி வைக்கப்படுகிறது' என்றேன். வெயில் ஏறிக்கொண்டே போனது. நம்பிராஜன் ஸ்கூட்டி இஞ்சினை ஸ்டார்ட் செய்து, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தார். கடைசியில் ஞானதிரவியம், "சரி, அன்னைக்கு உள்ள நின்ன சைக்கிள் யாருதுன்னு ஒரு வரி சேத்துருவமா?" என்றான்.

அப்போது வழியனுப்ப வந்த பெண்கள் வரிசையிலிருந்து முப்பிடாதி முன்னால் வந்தாள். "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். அவரு கேக்கபடி எழுதிக் கையெழுத்தப் போடுங்க. பிள்ளைக வெயில்ல நிக்கி," என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தாளைப் பார்த்துச் சொன்னாள். சரியான நேரத்தில் சரியான தலையீடு. அந்தத் துணைப்பிரச்சினைக்குள் போயிருந்தால் மத்தியானம் ஆகியிருக்கும்.

கையெழுத்துப் போட்டேன். திரும்பப் பெறப்படுகிறது, முன்தேதியிட்டு. போட்டேன். கொடி என் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவன் பூட்டைத் திறந்தான். நான் படியில் ஏறவில்லை. தீர்மானம் திரும்பப் பெற்றது ஒரு சொல்லை, 'படியை மிதியேன்' என்ற கடைசி வரியை அல்ல. முப்பிடாதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "மயினி, அந்தப் பெரிய ஸ்பேனர எடுங்க," என்று அண்ணி முறை வைத்து அவளிடம் கேட்டான். காலண்டருக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்ததை அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கை நீட்டி எடுத்துக் கொடுத்தாள். பெண்கள் ஒரு இடத்துக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் கவனித்துவிடுகிறார்கள்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். ஃபோர்க்கை உருவினான். தேங்காய் எண்ணெயை மோந்து பார்த்தான். பழைய கப்பைத் தட்டி எடுத்தான், உள்ளே விரலால் தடவினால் குழிகுழியாக இருந்தது. புதுக் கப்பு, வழிய வழிய கிரீஸ், குண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டி வைத்தான். மேல் நட்டைக் கையாலேயே திருகி, ஃபோர்க் தடையில்லாமல் திரும்புகிறதா, ஆட்டினால் ஆடுகிறதா என்று பார்த்துப் பார்த்து நிறுத்தினான். பிறகுதான் ஸ்பேனர், அதுவும் ஒரு தட்டு. பதினைந்து நிமிஷம். நான் ஒரு மாதம் இறுக்கியதை அவன் தளர்த்தி முடித்தான்.

முன்னால் போனேன் ஏட்டையா. இருபத்திரண்டு கிலோமீட்டர், முழுவதும், கொடியோடு. ஒரு டக் கிடையாது. நம்பிராஜனின் ஸ்கூட்டியில் பதினாறாவது கிலோமீட்டரில் பெட்ரோல் தீர்ந்தது, அவரை மைக் ஆட்டோவில் ஏற்றினார்கள். இதையும் எழுதுங்கள். கலெக்டர் ஆபீஸில் மனுவை வாங்கிய அதிகாரி எங்கள் சைக்கிள்களை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, இவ்வளவு தூரம் நன்றாகத்தானே வந்திருக்கிறீர்கள், பரிசீலிக்கிறோம் என்றார். அடுத்த போராட்டத்துக்கு நடந்து போகப் போகிறோம்.

காபி குடித்துவிட்டீர்களா? இன்னொரு விஷயம் இருக்கிறது. இது ரிப்போர்ட்டுக்கு வேண்டாம்.

புதுக் கப்பு இரண்டு மூன்று நாள் ஓடினால் உள்ளே சரியாக உட்காருமாம். உட்கார்ந்ததும் மறுபடி கொஞ்சம் தளருமாம். கொண்டுவந்தால் ஒரு கால் சுற்று இறுக்கித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினான். இன்று காலை பிரேக்கைப் பிடித்து, கீழ்க்கப்பில் விரலை வைத்து ஆட்டிப் பார்த்தேன். லேசாகத் தெரிகிறது. முப்பிடாதியைப் போகச் சொன்னேன். தீர்மானம் போட்டாச்சுல்லா, இனி நீங்களே போங்க, எனக்கு மூட்டு வலிக்கி என்று உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தேழு வருஷமாக அடுத்த ஊருக்கு நடந்தவள், இங்கே இருக்கிற பஜாருக்கு வலிக்கிறதாம்.

நீங்கள் அந்த வழியாகத்தானே ஸ்டேஷன் போகிறீர்கள்? நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறேன், நீங்கள் மோட்டார் சைக்கிளை இங்கேயே விட்டுவிட்டு என் பக்கத்தில் நடந்து வாருங்கள். கடைக்குள்ளும் கூடவே வாருங்கள், அந்தப் படியில் எனக்கு ஒரு அடி முன்னால் ஏறுங்கள். பஜாரில் பார்க்கிறவர்கள், கொம்பையாவை விசாரணைக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளட்டும். யாராவது கேட்டால் நீங்கள் மறுக்க வேண்டாம்.

என் கையை மட்டும் லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள் ஏட்டையா. இல்லை, இன்னும் கொஞ்சம் அழுத்தமாக.